குழந்தைக்குப் பழங்களைச் சொல்லிக்கொடுப்பது, வாங்கிய பழம் கெடாமல் வைப்பது: ஒரு கேள்வி

4 மே 2024, காலை

கேள்வி இப்படி வந்தது: "என் பையனுக்கு மூன்றரை வயது. சுவரில் ஒட்டிய சார்ட்டில் இருக்கிற 24 பழத்துக்கும் தமிழிலும் இங்கிலீஷிலும் பெயர் சொல்கிறான், கிவி, டிராகன் ஃப்ரூட் உட்பட. நேற்று சந்தையில் சப்போட்டாவைக் காட்டிக் கேட்டால் உருளைக்கிழங்கு என்கிறான். சின்னக் குழந்தைக்குப் பழம் சொல்லிக்கொடுக்க எது நல்லது, ஃபிளாஷ் கார்டா, பிளாஸ்டிக் பழமா? இன்னொன்று, வாங்குகிற பழம் எல்லாம் இரண்டே நாளில் கெட்டுப்போகிறது. எல்லாவற்றையும் ஃபிரிட்ஜில்தான் வைக்கிறேன். நீங்கள் எப்படி வைக்கிறீர்கள்?"

4 மே, இரவு

பையன் மேல் தப்பே இல்லை. தோலைப் பாருங்கள், மண் ஒட்டின மாதிரி இருக்கும், சப்போட்டா உருளைக்கிழங்குதான். சார்ட்டில் பாதியாக வெட்டி, விதை பளபளக்க, பக்கத்தில் ஒரு இலையும் வைத்து வரைந்திருப்பார்கள். அப்படி ஒரு சப்போட்டாவை எந்தத் தள்ளுவண்டியில் பார்த்திருக்கிறோம்?

ஃபிளாஷ் கார்டு, பிளாஸ்டிக் பழம் இரண்டும் வேண்டாம். பிளாஸ்டிக் பழம் எங்கள் வீட்டிலும் ஒரு பை நிறைய இருந்தது. பாப்பா (நாலு வயது, இந்த ஜூனில் எல்.கே.ஜி.) அதில் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: மாம்பழம் வீசினால் தூரம் போகும், திராட்சை போகாது.

5 மே

நேற்று அவசரத்தில் எழுதிவிட்டேன். யோசித்துப் பார்த்தால் கேட்டவருடைய இரண்டு கேள்வியும் ஒரே கேள்வி. பழம் கெடுவது தெரியாமல் பழத்தைத் தெரிந்துகொள்ள முடியாது. சார்ட்டில் இருப்பது எப்போதும் பழுத்தே இருக்கும், நேற்றும் நாளைக்கும் அதே மஞ்சள். குழந்தை அதை நாற்காலி, மேசை மாதிரி ஒரு சாமானாக எடுத்துக்கொள்கிறது.

தமிழில் இது இன்னும் வேடிக்கை. தக்காளி காயா பழமா என்று இங்கிலீஷ் வீடியோக்களில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நமக்கு அந்தச் சண்டை கிடையாது. பச்சையாக இருந்தால் தக்காளிக்காய், சிவந்தால் தக்காளிப்பழம். மிளகாய் சிவந்தால் மிளகாய்ப்பழம். எலுமிச்சங்காய், எலுமிச்சம்பழம். வெள்ளரிக்காய் போய் வெள்ளரிப்பழமாக வெடித்து நிற்கும், இந்த மாதம் எங்கள் திருச்சியில் ரோட்டோரம் பிளந்த பழத்தைக் கட்டிவைத்து விற்கிறார்கள். பழம் என்பது நமக்கு ஒரு வகை இல்லை, ஒரு பருவம். குழந்தைகளுக்கும் இது தெரியும், சண்டை போட்டால் "உன்கூட காய்", சமாதானம் ஆனால் "பழம்". எந்த சார்ட்டும் சொல்லிக்கொடுக்காமலே வந்தது.

பாப்பாவிடம் ஒரு வாழைக்காயைக் காட்டி, இது இன்னும் நம்மோடு காய், எப்போது பழம் விடும் என்று பார்க்கலாமா என்றேன். அவ்வளவுதான், அன்று முழுக்க அதோடு பேச்சுவார்த்தை.

8 மே

மண்டியிலிருந்து நன்றாக முற்றின பூவன் ஒரு சீப்பு வாங்கிவந்தேன், ஒரு பொட்டு மஞ்சள்கூட இல்லாத காய். மூன்றைத் தனியாகப் பிரித்தோம். ஒன்று அரிசி டப்பாவுக்குள், ஒன்று சாப்பாட்டு மேசைமேல், ஒன்று ஃபிரிட்ஜில். மீதி அம்மாவுக்கு, பொரியல் செய்கிறேன் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பூவனில் என்ன பொரியல் என்று கேட்கக்கூடாது, வாழை விளைகிற தொட்டியத்துக்காரி, எந்தக் காயிலும் செய்வாள்.

பாப்பாவே பெயர் வைத்துவிட்டாள்: ஒளிஞ்ச காய், உக்காந்த காய், குளிர்ற காய்.

9 மே

ஒளிஞ்ச காய் பழம் விட்டதா என்று இதுவரை 11 முறை டப்பாவைத் திறந்து பார்த்தாயிற்று. வீடெல்லாம் அரிசி.

11 மே

மூன்றாம் நாள் நிலவரம். அரிசி டப்பாவில் இருந்தது முழு மஞ்சள், காம்பைத் தொட்டதும் கழன்றது, மூடியைத் திறந்தவுடன் வாசனை. மேசையில் இருந்தது ஓரங்களில் பச்சை, நடுவில் மஞ்சள். ஃபிரிட்ஜில் இருந்தது கறுத்துச் சாம்பல் பூத்துப்போய், அமுக்கினால் கல் மாதிரி. பாப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். "இதுக்கு அடிபட்டுடுச்சு" என்றாள். மேசையில் எடுத்துவைத்தால் சரியாகிவிடும் என்று அவளே எடுத்துவைத்தாள். சரியாகவில்லை.

காரணம், அரிசியில் இருக்கிற சூடு காயைப் பழுக்கவைக்கிறது, ஃபிரிட்ஜில் சூடு இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

12 மே

மேலே எழுதினது தப்பு. ஒருவர் கேட்டுவிட்டார்: அரிசி என்ன அடுப்பா, அதில் எங்கிருந்து சூடு வந்தது? எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் எல்லாரும் சூடு என்றுதான் சொன்னார்கள், நானும் அப்படியே எழுதிவிட்டேன்.

பழமே ஒரு வாயுவை விடுகிறது, எத்திலீன் என்று பெயர். அந்த வாயு பட்டால் காய் பழுக்கும், பழுக்கப் பழுக்க இன்னும் கொஞ்சம் எத்திலீனை விடும். திறந்த மேசையில் அது காற்றோடு போய்விடும். அரிசிக்குள் புதைத்தால் காயைச் சுற்றியே நிற்கும். வைக்கோலில் மாங்காயை மூடிவைப்பதும் இதற்குத்தான். பாப்பா 11 முறை திறக்காமல் இருந்திருந்தால் இரண்டாம் நாளே பழுத்திருக்கலாம், யார் கண்டது.

அம்மாவிடம் கேட்டேன், உங்கள் ஊரில் தார் எப்படிப் பழுக்கவைப்பீர்கள் என்று. "புகை போடுவோம். ரூமுக்குள்ள தாரை அடுக்கி, சட்டியில வறட்டியைப் பத்தவச்சு உள்ள வச்சு, கதவைச் சாத்தி, சந்து இல்லாம மண்ணைப் பூசிடுவோம். மறுநாள் தொறந்தா வாசம் தெருமுனை வரைக்கும் வரும்." அந்தப் புகையிலும் எத்திலீன் இருக்கிறது. பெயர் தெரியாமலே பயன்படுத்தியிருக்கிறார்கள். பாப்பாவுக்கு நான் சொன்னது: ஒரு பழம் பக்கத்துப் பழத்தின் காதில் "வா, பழுக்கலாம்" என்று சொல்லும், கதவு சாத்தியிருந்தால் நன்றாகக் கேட்கும். இது அறிவியலா என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். நாலு வயது.

ஃபிரிட்ஜ் விஷயம் வேறு. வாழை வெப்ப மண்டலத்துச் செடி. 13 டிகிரிக்குக் கீழே போனால் காயின் தோல் செல்கள் கெட்டுக் கறுக்கும், பழுக்கும் வேலையும் நின்றுபோகும். நம் வீட்டு ஃபிரிட்ஜில் 4 டிகிரி. பாப்பா சொன்ன "அடிபட்டுடுச்சு" நான் சொன்ன "சூடு இல்லை"யைவிடச் சரி.

13 மே

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், சந்தையில் உதவும். பறித்த பிறகும் பழுக்கிறவை சில: வாழை, மா, பப்பாளி, சப்போட்டா, சீதா, கொய்யா, பலா, தக்காளி. பறித்ததோடு சரி என்று நின்றுவிடுகிறவை சில: திராட்சை, ஆரஞ்சு, சாத்துக்குடி, அன்னாசி, மாதுளை, தர்பூசணி. இரண்டாவது கூட்டத்தில் புளிப்பாக வாங்கினால் வீட்டில் எத்தனை நாள் வைத்தாலும் இனிக்காது, வதங்கத்தான் செய்யும். அன்னாசி மஞ்சளாகும், மெத்தென்றாகும், இனிப்பு ஏறாது. அதனால் திராட்சையை ஒன்று வாயில் போட்டுப் பார்த்து வாங்குங்கள், கடைக்காரர் முறைத்தாலும்.

எங்கள் வீட்டில் இதற்கு "வீட்டில் பழுக்கிறது", "கடையிலேயே பழுத்தது" என்று பெயர். பாப்பா இப்போது கடைக்காரரிடமே கேட்கிறாள், இது எங்க பழுக்கும் என்று. அவர் என்னைப் பார்க்கிறார்.

14 மே

கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார். பையன் இப்போது உருளைக்கிழங்கைச் சப்போட்டா என்கிறானாம். முன்னேற்றம்தான்.

சப்போட்டாவுக்கு ஒரு சோதனை இருக்கிறது, அவனை விட்டுச் செய்யச் சொல்லுங்கள். தோலை நகத்தால் லேசாகச் சுரண்டினால் உள்ளே பச்சை தெரிந்தால் இன்னும் முற்றவில்லை. பழுப்பு மஞ்சளாக இருந்தால் முற்றிவிட்டது, இரண்டு மூன்று நாளில் தின்னலாம். உருளைக்கிழங்கில் இதைச் செய்தாலும் மஞ்சள்தான் வரும், அங்கே மாட்டிக்கொள்வான், பார்த்துக்கொள்ளுங்கள். விதையை மட்டும் நீங்களே எடுத்துவிட்டுக் கொடுங்கள். அதில் கொக்கி மாதிரி ஒரு நுனி இருக்கும், தொண்டையில் மாட்டினால் விளையாட்டில்லை. சீதாப்பழ விதையையும் கடிக்கவிடாதீர்கள், விதைக்குள் இருக்கும் பருப்பு நஞ்சு.

16 மே

இன்று செய்ததுதான் இதுவரைக்கும் சிறந்தது. காயத்துக்குப் போடுகிற அயோடின் மருந்து, பழுப்பு நிறத்தில் இருக்குமே, மருந்துக் கடையில் கிடைப்பது. அதில் கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் கலந்துகொண்டேன். ஒரு தட்டில் வாழைக்காய்த் துண்டு, இன்னொன்றில் நன்றாகப் பழுத்த பழத்துண்டு. காயில் ஒரு சொட்டு விட்டதும் மசி கொட்டின மாதிரி கருநீலம். பழத்தில் விட்டால் மருந்தின் பழுப்பு அப்படியே நின்றது. பாப்பா தட்டை மூக்குக்கு அருகில் கொண்டுபோய், மறுபடி விடு, மறுபடி விடு என்று ஏழெட்டுச் சொட்டு விடவைத்தாள்.

காயில் இருப்பது மாவு. நூறு கிராமில் இருபது கிராம் அளவுக்கு மாவு இருக்கும், பழுக்கும்போது அதில் பெரும்பங்கு சர்க்கரையாகிவிடும். மாவு இருந்தால் அயோடின் நீலமாகும். அரைப்பழத்தில் விட்டுப் பாருங்கள், நீலம் திட்டுத் திட்டாக வரும். சோறு, இட்லி, பாப்பாவின் பிஸ்கட், கடைசியில் என் சட்டை வரை சோதனை நடந்தது. சட்டையிலும் நீலம் வந்தது, கஞ்சி போட்ட சட்டை.

சோதனை செய்த துண்டு எதையும் குழந்தை வாயில் போடக்கூடாது, முதலிலேயே சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். மருந்துப் பாட்டில் உங்கள் கையில் இருக்கட்டும்.

20 மே

மாம்பழக் கதை. நேற்று ஒரு கடையில் இரண்டு கிலோ வாங்கினேன், எல்லாம் ஒரே மஞ்சள், எலுமிச்சம்பழ மஞ்சள். வெட்டினால் உள்ளே கொட்டையைச் சுற்றி வெள்ளை, புளிப்பு, வாசனையே இல்லை. பாப்பா ஒரு கடி கடித்துவிட்டு "வெளிய பழம், உள்ள காய்" என்று தட்டை நகர்த்திவிட்டாள். கல் போட்ட பழம் என்று சந்தையில் சொல்வது இதைத்தான்.

கல் என்பது கால்சியம் கார்பைடு. ஈரம் பட்டால் அசிட்டிலீன் வாயு வரும், அதுவும் எத்திலீன் மாதிரிக் காயை மஞ்சளாக்கும். ஆனால் அதோடு ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பும் வரும். 2011இல் வந்த உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி இதைப் போட்டுப் பழுக்கவைத்த பழத்தை விற்கக்கூடாது. எத்திலீன் வாயு வைத்துப் பழுக்கவைக்க அனுமதி உண்டு, காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்குவரை. ஆக, அறையில் வைத்துப் பழுக்கவைத்தது எல்லாமே விஷம் என்று பயப்பட வேண்டியதில்லை.

நான் வாங்கினதில் கல் இருந்ததா, வெறுமனே முற்றாத காயைப் பறித்ததா, சொல்ல முடியாது. ஒரே மஞ்சளாக இருந்தாலே கல் என்று முடிவுகட்டுவதும் சரியில்லை, எத்திலீன் அறையில் பழுத்ததும் ஒரே மாதிரிதான் மஞ்சளாகும்.

ஒன்று மட்டும் கற்றுக்கொண்டோம், நிறத்தை நம்பக்கூடாது. எங்கள் பக்கம் ஸ்ரீரங்கத்து இமாம் பசந்த் பேர்போனது. பழுத்தாலும் தோல் பச்சையாகவே இருக்கும். மல்கோவாவும் முழு மஞ்சளுக்கு வராது. காம்படியில் மூக்கை வைத்து மோந்து பார்க்கப் பாப்பாவைப் பழக்கியிருக்கிறேன். வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளையும் மோந்து பார்க்கிறாள்.

18 ஜூன்

பள்ளி திறந்தாயிற்று. மஞ்சள் நாளாம், மஞ்சளாக ஒரு பழம் கொண்டுவர வேண்டும். பாப்பா அடம்பிடித்து ஒரு இமாம் பசந்தை எடுத்துப்போனாள், உள்ளே மஞ்சள் என்பது அவள் வாதம். மிஸ் இது பச்சை என்று தனியாக எடுத்துவைத்துவிட்டார்களாம். சாயங்காலம் வந்து "மிஸ் மோந்தே பாக்கலப்பா" என்றாள். மிஸ்ஸையும் குறை சொல்ல முடியாது, 30 குழந்தைகள்.

டிபன் பாக்ஸில் வெட்டி வைக்கிற பழம் நிறம் மாறுகிறதே என்று கேட்டவருக்கு: ஆப்பிளை வெட்டினால் பழுப்பாவது அழுகல் இல்லை. வெட்டின இடத்தில் பழத்தின் நொதி காற்றோடு சேர்ந்து நிறம் மாறுகிறது. எலுமிச்சைச்சாறு நாலு சொட்டு கலந்த தண்ணீரில் முக்கி எடுத்து வையுங்கள், மதியம் வரை தாங்கும். குழந்தைக்குக் காட்ட ஒரு துண்டில் தடவி ஒரு துண்டைச் சும்மா வையுங்கள், அரை மணி நேரத்தில் வித்தியாசம் தெரியும். திராட்சையை முழுதாகப் போடாதீர்கள், நீளவாக்கில் நாலாக வெட்டிப் போடுங்கள். குறுக்கே வெட்டினால் பாதித் திராட்சையும் மூச்சுக்குழாயை அடைக்கிற உருண்டைதான். தர்பூசணி, பப்பாளி வெட்டியது வெயில் காலத்தில் பள்ளிப் பையில் வேண்டாம், வீட்டில் ஃபிரிட்ஜில் இருந்து எடுத்துச் சாப்பிடட்டும்.

2 ஜூலை

ஃபிரிட்ஜைப் பற்றி நான் எழுதினதைப் படித்துவிட்டு ஒருவர் வாழைப்பழமே ஃபிரிட்ஜ் பக்கம் போகக்கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டுவிட்டாராம். நான் சொன்னது காய்க்கு. நன்றாகப் பழுத்த பழத்தை வைக்கலாம், தோல் கறுக்கும், உள்ளே இரண்டு மூன்று நாள் நன்றாகவே இருக்கும். பார்க்கத்தான் பயமாக இருக்கும். எங்கள் வீட்டில் தோலை உரித்துக் காட்டினால்தான் நம்புகிறாள்.

மற்றது, நான் வைக்கிற விதம். "வீட்டில் பழுக்கிறது" எல்லாம் பழுக்கிறவரை வெளியே, பழுத்தபின் ஃபிரிட்ஜ். "கடையிலேயே பழுத்தது" நேராக ஃபிரிட்ஜ். சாத்துக்குடியும் மாதுளையும் வெளியிலும் ஒரு வாரம் ஓட்டும். எதையும் கழுவி வைக்காதீர்கள். நான் பல வருடம் வாங்கிவந்தவுடன் திராட்சையைக் கழுவி டப்பாவில் போட்டு மூடிக்கொண்டிருந்தேன், மூன்றாம் நாள் காம்படியில் வெள்ளைப் பூஞ்சணம். இப்போது காம்போடு, ஒரு துணியைக் கீழே போட்டு, திறந்தபடி வைக்கிறேன், தின்னும்போது கழுவுகிறோம். கம்பம் பன்னீர் திராட்சை இப்படி ஒரு வாரம் வந்தது. திராட்சைமேல் மாவு மாதிரி இருக்கிற வெண்படலத்தைப் பார்த்து மருந்து என்று பயப்படுகிறார்கள், அது திராட்சையே பூசிக்கொள்கிற மெழுகு, உள்ளே இருக்கிற தண்ணீர் வெளியே போய்விடாமல் பார்த்துக்கொள்கிறது. மருந்து அடிக்கவே மாட்டார்கள் என்று சொல்லவில்லை, கழுவித்தான் தின்ன வேண்டும்.

ஆப்பிளை வாழையோடு ஒரே கூடையில் வைக்காதீர்கள். ஆப்பிள் எத்திலீனை நிறையவே விடும், வாழை ஓடி ஓடிப் பழுக்கும். சீக்கிரம் பழுக்க வேண்டும் என்றால் வேண்டுமென்றே வையுங்கள்.

14 ஜூலை

நாவல் வந்துவிட்டது. சட்டை, சுவர், சோபா எல்லாம் கருநீலம், நாக்கை நீட்டிக் கண்ணாடியில் பார்ப்பது தனி. ஔவையார் கதையை அம்மா சொன்னாள், சுட்ட பழமா சுடாத பழமா. பாப்பா முழுதும் கேட்டுவிட்டு, "ஏன் அப்பாயி ஊதுனாங்க? கழுவியிருக்கலாமே" என்றாள். அம்மா என்னைத்தான் திட்டினாள்.

நாவல் ஒரு நாள்தான் தாங்கும். ஏன் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அக்கா மகள் வந்தாள், பத்தாம் வகுப்பு. அவர்கள் தமிழ்ப் புத்தகத்தில் தேவநேயப் பாவாணர் எழுதின பாடம் ஒன்று இருக்கிறது. பழத்தின் மேல்தோலுக்கு நாலு சொல்: மிக மெல்லியது தொலி, கொஞ்சம் திண்ணமானால் தோல், இன்னும் வன்மையானால் தோடு, மிக வன்மையானால் ஓடு. அவள் மனப்பாடமாக ஒப்பித்துக்கொண்டிருந்தாள், மதிப்பெண்ணுக்காக. எனக்கு நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவேண்டும் போல இருந்தது. நான் ஜூலை 2 அன்று ஒரு பத்தி முழுக்க எழுதினதை இந்த நாலு சொல் சொல்லிவிடுகிறது. தொலி இருப்பது இன்றே தின்ன வேண்டியது. தோல் இருப்பது நாலு நாள். ஓடு இருப்பது வாரக்கணக்கில்.

அப்புறம் கெட்டுப்போனதற்கும் பெயர் இருக்கிறது. சூட்டில் வெம்பிப் பழுத்த பிஞ்சு வெம்பல். குளுகுளுத்தால் அளியல். குளுகுளுத்து நாறினால் அழுகல். சுருங்கினால் சிவியல். புழு, பூச்சி அரித்தால் சொத்தை. பிஞ்சுக்கும் மரத்துக்கு மரம் வேறு பெயர்: மாவுக்கு வடு, பலாவுக்கு மூசு, தென்னைக்குக் குரும்பை, வாழைக்குக் கச்சல். மே 5 அன்று பழம் ஒரு பருவம் என்று நான் கண்டுபிடித்த மாதிரி எழுதியிருக்கிறேன், வெட்கமாக இருக்கிறது.

15 ஜூலை

தேரை உட்கார்ந்ததால் கெட்ட காய் தேரைக்காய் என்றும் அந்தப் பட்டியலில் இருக்கிறது, அதை ஏன் விட்டேன் என்று கேட்கிறார் ஒருவர். தேரை பாவம் என்றுதான் விட்டேன். தேங்காய் உள்ளே ஒன்றுமில்லாமல் ஒல்லியாவதற்குச் சத்துக்குறைவும் மகரந்தச் சேர்க்கை சரியாக நடக்காததும்தான் காரணம். சொல்லை வைத்துக்கொள்ளலாம், தேரையை விட்டுவிடலாம்.

21 ஜூலை

தினமும் காலையில் பழக்கூடையைச் சோதிப்பது இப்போது பாப்பாவின் வேலை. ஒவ்வொன்றையும் எடுத்துத் திருப்பிப் பார்க்கிறாள், அமுக்குகிறாள். "அப்பா, ஒரு அளியல்." அதை எடுத்து முதலில் தின்ன வேண்டும், அழுகலாக இருந்தால் உரக்குழிக்கு. பூஞ்சணம் பிடித்த ஒன்றைக் கூடையில் விட்டால் தொட்டுக்கொண்டிருக்கிற பழத்துக்கும் பரவும், அதனால் இந்த வேலை உண்மையிலேயே வேலை. அவள் அமுக்கின இடமெல்லாம் மறுநாள் கறுத்துப்போவதால் அளியலை உற்பத்தி செய்வதும் அவளேதான். விரல் நுனியால் அமுக்காதே, உள்ளங்கையில் வைத்துப் பார் என்று சொல்லியிருக்கிறேன்.

கொய்யாவில் மட்டும் அவள் கட்சி வேறு. பழத்தைத் தள்ளிவிட்டுச் செங்காய்தான் வேண்டும், உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு. நானும் அதே கட்சி.

4 ஆகஸ்ட்

மூன்று நாள் ஊரில் இல்லை. திரும்பி வந்தால் கூடைமேல் பழ ஈ மொய்க்கிறது, அரை டஜன் பழம் கறுத்துக் குழைந்துவிட்டது. பாப்பா கேட்டது: இதெல்லாம் எங்கிருந்து வந்துச்சு, பழத்துக்குள்ள இருந்ததா? புளித்த வாசனைக்கு வெளியிலிருந்து வருகிறது, பழத்தில் முட்டை போடுகிறது, ஒரே நாளில் பொரிந்துவிடும் என்றேன். ஒரு கிண்ணத்தில் வினிகர், பாத்திரம் கழுவுகிற சோப்பு ஒரு சொட்டு. காலையில் எண்ணினாள். பதினாலு வரை எண்ணத் தெரியும், அதற்குமேல் "நிறைய".

கறுத்த தோலை உரித்துப் பார்த்தோம். இரண்டு அழுகல். நாலு, தோல்தான் மோசம், உள்ளே தேன் மாதிரி. அதில் பஞ்சாமிர்தம் செய்தோம். பாப்பா கையால் பிசைந்தாள், நாட்டுச் சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, ஏலம், நெய், தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. பழனிப் பஞ்சாமிர்தம் நாள்பட நிற்பதும் இப்படித்தான், 2019இல் புவிசார் குறியீடு வாங்கினது, மலைவாழையில் செய்வது. சர்க்கரை நிறைய இருந்தால் கிருமிக்குத் தேவையான தண்ணீரை அது பிடித்துக்கொள்ளும், கிருமி வளர வழியில்லை. எங்களுடையது எத்தனை நாள் நிற்கும் என்று பார்க்க ஆசையாக இருந்தது. மறுநாள் மதியத்துக்குள் தீர்ந்துவிட்டது, அதனால் முடிவு ஒன்றும் தெரியவில்லை. தேன் சேர்ப்பதால் ஒரு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்.

8 செப்டம்பர்

பிள்ளையார் சதுர்த்திக்கு மூன்று விளாம்பழம் வாங்கினேன். "ஓடு!" என்று தட்டிக் காட்டினாள் பாப்பா. பழுத்ததா என்று ஓட்டின் வழியே மோந்தாலும் லேசாகத்தான் வரும், அமுக்க முடியாது. அம்மா ஒரு வழி காட்டினாள். ஒரு அடி உயரத்திலிருந்து தரையில் விடு. காய் என்றால் பந்து மாதிரி எம்பும். பழம் என்றால் தொப்பென்று விழுந்த இடத்தில் உட்காரும்.

முதல் பழம் தொப். உடைத்து, வெல்லம் போட்டுப் பிசைந்து பிள்ளையாருக்கு வைத்தோம். இரண்டாவதும் தொப், ஆனால் உடைத்தால் உள்ளே காய்ந்து சுருங்கி ஓட்டோடு ஒரு கறுப்பு உருண்டை, வெளியே ஒரு கீறல்கூட இல்லை. யானை உண்ட விளங்கனி என்று பழையவர்கள் சொன்னது இதைத்தானோ என்று நான் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருக்க, பாப்பா பிள்ளையாரைத் திரும்பிப் பார்த்தாள். "நாம வைக்கிறதுக்கு முன்னாடியே சாப்பிட்டுட்டாரா?"

மூன்றாவது எம்பிக் குதித்து அலமாரிக்கு அடியில் போய்விட்டது.

11 செப்டம்பர்

அந்த மூன்றாவதை அரிசி டப்பாவில் போட்டாள். அம்மா எடுத்து வெயிலில் வைத்தாள், விளாங்காய் வெயிலில்தான் பழுக்கும் என்று. இப்போது மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் இருக்கிறது. பள்ளி விட்டு வந்ததும் எடுத்து ஒரு அடி உயரத்திலிருந்து விட்டுப் பார்க்கிறாள், தினமும் ஒரே ஒரு தடவைதான், அது அவளே போட்டுக்கொண்ட விதி. இன்றைக்கும் குதித்தது.